கறுப்பு அங்கிக்குள் ஓர் ஐ.சி.யூ.

கே: 'ஸ்டார் வார்ஸ்' வில்லன் டார்த் வேடரின் கவசம் எதனால் செய்தது? யார் அடித்தாலும் மனிதர் அசைய மாட்டேன் என்கிறாரே?

ப: அதைக் கவசம் என்று சொல்வதில்தான் எனக்கு ஆட்சேபம். ('அவர்' போடுவதில் ஆட்சேபமில்லை. பத்தடி தள்ளி நின்றே குரல்வளையை நெரிக்கத் தெரிந்தவரிடம் மரியாதையாக இருப்பது நல்லது.) வெளியிலிருந்து வருவதை உள்ளே விடாமல் தடுப்பது கவசம். வேடரின் உடைக்கு நேர் எதிரான வேலை: உள்ளே இருக்கிற உயிர் வெளியே போய்விடாமல் பிடித்து வைப்பது. அவருடைய நோய்க்குறிப்பைப் புரட்டினால் இது புரியும். வலது கை 2002-ஆம் ஆண்டுப் படத்திலேயே போயிற்று. 2005-இல் வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்'தில் முஸ்டஃபார் என்ற எரிமலைக் கிரகத்தில் குரு ஓபி-வான் மிச்சமிருந்த கையையும் இரண்டு கால்களையும் வெட்டினார். பிறகு, எரிகுழம்பின் ஓரத்திலேயே உடம்பு பற்றிக்கொண்டது. பெரிய தீக்காயம் பட்டவரைக் கொல்வது பெரும்பாலும் நெருப்பு அல்ல, அதன் பிறகு வருவதுதான். உடம்பின் நீரை வெளியே விடாமல், சூட்டை இழக்காமல், கிருமியை உள்ளே விடாமல் காத்துக்கொண்டிருந்த தோல் இல்லாமல் போகிறது. சூடான காற்றை இழுத்ததில் மூச்சுக்குழாயும் வெந்திருக்கும். அப்படிப்பட்டவருக்கு டாக்டர் எழுதித் தருவது இரும்புச் சட்டை அல்ல. செயற்கைத் தோல், செயற்கைக் கைகால், வென்டிலேட்டர். மூன்றையும் ஒன்றாகத் தைத்துக் கறுப்புச் சாயம் போட்டால் வேடரின் உடை.

அந்த மூச்சைக் கவனியுங்கள். நமக்குக் கோபம் வந்தால் மூச்சு வாங்கும், மாடி ஏறினால் இரைக்கும். வேடர் பழைய படங்களில் ஆளைக் கொல்லும்போதும் சரி, சும்மா நின்று ஜன்னல் வழியே நட்சத்திரங்களைப் பார்க்கும்போதும் சரி, ஏறக்குறைய ஒரே தாளத்தில்தான் மூச்சு விடுகிறார். இயந்திரம் நிர்ணயித்த வேகம் அது. அவர் விரைந்து நடப்பாரே ஒழிய ஓடிப் பார்ப்பது அரிது என்பதற்கும் இதுவே காரணம் என்பேன். இது நான் வலிந்து கண்டுபிடித்த விளக்கமும் அல்ல. 1975-இல் ஓவியர் ரால்ஃப் மக்குவாரி அந்த முகமூடியை முதலில் வரைந்ததே, ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு வெற்றிடத்தைக் கடந்து போகிறவருக்கு மூச்சுக் கருவி வேண்டுமே என்றுதான். ஒலி அமைத்த பென் பர்ட், நீர்மூழ்கி வீரர்களின் சுவாசக் கருவி வழியாக மூச்சுவிட்டு அதைப் பதிவு செய்தார். முதலில் இதயத் துடிப்பு, மோட்டார் உறுமல் எல்லாம் சேர்த்துப் பார்த்தாராம். ஆபரேஷன் தியேட்டரே எழுந்து நடந்து வருவது போல இருந்ததால், மூச்சை வைத்துக்கொண்டு மற்றதைக் குறைத்துவிட்டார். நம் கண்ணை ஏமாற்றிய உடை அவர் காதை ஏமாற்றவில்லை.

கே: 1980-ஆம் ஆண்டுப் படத்தில் ஹான் சோலோ சுட்ட துப்பாக்கிக் கதிர்களை உள்ளங்கையால் தடுக்கிறாரே, அது கவசம் இல்லையா?

ப: நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் கவசத்தை நம்புகிறவர் கையை ஏன் தூக்க வேண்டும்? நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே! மாட்டார். நெஞ்சில்தான் பொத்தானும் விளக்குமாக ஒரு பெட்டி மாட்டியிருக்கிறது. உயிர் நாடியை ஊரறிய வெளியே வைத்துத் தைத்த உடையைக் கவசம் என்று எந்தக் கொல்லனும் ஒப்புக்கொள்ள மாட்டான். கதிரை நிறுத்தியது அவருடைய மாயசக்தி. அடுத்த நொடியே எட்ட நின்றபடி ஹானின் துப்பாக்கியைப் பறித்ததும் அதே சக்திதான். அடியைத் தாங்குவது வேறு, அடி விழாமல் பார்த்துக்கொள்வது வேறு. வேடரின் பலம் இரண்டாவது. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்: அதே படத்தில் மகன் லூக்கின் ஒளிவாள் தோளில் பட்டபோது பொறி பறந்து, வேடர் அலறினாலும் தோள் துண்டாகவில்லை. தோள்பட்டைத் தகடு கூலிக்கு வேலை செய்திருக்கிறது. மூன்று வருடம் கழித்து வந்த படத்தில் அதே லூக் மணிக்கட்டை ஒரே வீச்சில் அறுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுவாகவே அந்த உலகில் கவசத்துக்கு மதிப்பு குறைவு. வெள்ளைத் தகடு பூட்டிய சிப்பாய்கள் ஒரு குண்டுக்கே சுருண்டு விழுகிறார்கள். கரடிக்குட்டி போன்ற காட்டுவாசிகள் கல்லாலும் கட்டையாலும் ஒரு படையையே கலங்கடிக்கிறார்கள்.

கே: நம் கர்ணனின் கவச குண்டலம் போல என்று வைத்துக்கொள்ளலாமா?

ப: வைத்துப் பார்க்கலாம், வித்தியாசம் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். கர்ணன் கவசத்தை அறுத்து இந்திரனுக்குக் கொடுத்த பிறகும் வாழ்ந்தான். போருக்குப் போய்ப் பதினேழாம் நாள் வரை நின்றான். கழற்றிய பிறகும் ஆள் இருந்தால்தான் அது கவசம். வேடர் 1983-ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில் முகமூடியைக் கழற்றச் சொல்கிறார். கழற்றினால் செத்துப்போவீர்கள் என்கிறான் மகன். கழற்றியதும் கொஞ்ச நேரத்தில் அதுவே நடக்கிறது. 1980-ஆம் ஆண்டுப் படத்தில் அவர் தலைக்கவசமில்லாமல் ஒரு கணம் தெரிவதும் மூடிய கூண்டுக்குள்தான். 2016-இல் வந்த 'ரோக் ஒன்'னில் உடையைக் களைந்தவர் எங்கே இருக்கிறார்? காயமாற்றும் திரவம் நிரம்பிய தொட்டிக்குள்.

கே: அவர் செத்தது பேரரசரின் மின்னலால்தானே? அதை யார்தான் தாங்குவார்கள்?

ப: லூக் தாங்கினானே! கவசம் கிடக்கட்டும், கையில் வாள்கூட இல்லாமல் தரையில் உருண்டு, வேடரைவிட அதிக நேரம் அந்த மின்னலை வாங்கினான். பிறகு எழுந்து அப்பாவைச் சுமந்துகொண்டு நடந்தான். அவன் இளைஞன், இவர் அப்போதுதான் கையை இழந்த வயதானவர் என்று மறுப்பீர்கள். நியாயம்தான், வயதுக்கும் காயத்துக்கும் உரிய பங்கைக் கொடுத்துவிடுவோம். ஆனாலும் மின்னல் பாயும்போது முகமூடிக்குள் மண்டையோட்டைக் காட்டும் படம், அடுத்து நம் காதில் போடுவது சீர் குலைந்து இழுக்கும் மூச்சை. ஆள் அடிபட்டதைவிட மெஷின் கெட்டுப்போனது பெரிய செய்தி. 2022-இல் வந்த 'ஓபி-வான் கெனோபி' தொடரிலும் இதே கதைதான்: நெஞ்சுப் பெட்டி அடிபட்டதும் மூச்சு திக்குகிறது, முகமூடி பிளக்கிறது, சண்டை முடிந்துவிடுகிறது. அங்கே உயிர் பிழைத்ததற்குக் காரணம் உடையின் உறுதி அல்ல. கதைப்படி அதற்குப் பிறகு நடக்கும் 1977-ஆம் ஆண்டுப் படத்தில் அவருக்கு வேலை பாக்கி இருந்தது. கதாசிரியர் மாட்டிவிடும் கவசத்தை எந்த வாளும் துளைக்காது.

இத்தனை அதிகாரமுள்ள பேரரசர் மின்னலுக்குத் தாங்கும் உடையைச் செய்து தந்திருக்கக்கூடாதா என்றும் கேட்கலாம். மின்னலை விடுவதே அவர்தான் ஐயா! தகப்பன் கீழே கிடக்கும்போதே அந்த இடத்துக்கு மகனை அழைத்த முதலாளி, பழைய ஊழியரின் மருத்துவச் செலவை எந்த அளவுக்குப் பார்த்திருப்பார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

கே: அப்படியானால் அந்த நீளமான மேலங்கி எதற்கு? அதுவும் சிகிச்சையா?

ப: உடை வடிவமைத்த ஜான் மோலோ மோட்டார் சைக்கிள் தோலுடுப்பு, விஷவாயு முகமூடி, துறவி அங்கி என்று பல கடைச் சரக்கை ஒன்றுசேர்த்தார், அங்கி அப்படி வந்தது. என் சந்தேகம் வேறு. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மாட்டிவிடும் உடை முதுகுப் பக்கம் திறந்தே கிடக்கும் அல்லவா?