செங்கொடியைச் சுருட்டிய செங்கல்

1955 ஜனவரியில் ஆவடியில் பந்தல் போட்டு, 'சோஷலிஸ பாணி சமுதாயமே இனி நம் வழி' என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது. தலைமை யு.என்.தேபர், கைதட்டல் நேருவுக்கு. தீர்மானம் அப்படியே டெல்லிக்கு ரயிலேறிவிட்டது. பக்கத்திலிருந்த காட்டுப்பாக்கத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கு முன்பே, நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் வில்லியம் லெவிட் என்ற கட்டட முதலாளி கம்யூனிஸம் என்ற வியாதிக்கு மருந்து கண்டுபிடித்திருந்தார். 1947 முதல் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான வீடுகள். சொந்த வீடும் நாலடி மண்ணும் உள்ளவன் கம்யூனிஸ்ட் ஆக மாட்டான், அவனுக்குத் தலைக்கு மேல் வேலை என்பது அவர் சித்தாந்தம். மார்க்ஸ் 'மூலதனம்' என்று தலையணை தலையணையாக எழுதியதை மனிதர் புல்வெட்டும் மெஷினை வைத்தே முடித்துவிட்டார். கறுப்பர்களுக்கு மட்டும் மருந்து கிடையாது. அவர்கள் தாராளமாகப் புரட்சி செய்துகொள்ளலாம்! 1980-இல் பிரிட்டனில் இதே வழியில் தாட்சர் அம்மையார் வாடகைக்கு விட்டிருந்த அரசு வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே தள்ளுபடியில் விற்று, தொழிலாளர் கட்சியின் ஓட்டில் ஓட்டை போட்டார்.

நம் நாட்டில் ரிட்டயர்மென்ட் பணத்தில் வீடு கட்டி, கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு ஈஸிசேரில் சாய்வதுதான் வழக்கமாக இருந்தது. 1977-இல் ஹெச்.டி.பரேக் வீட்டுக்கடன் கொடுக்க ஹெச்.டி.எஃப்.சி. ஆரம்பித்த பிறகு, முப்பது வயதிலேயே இருபது வருஷத் தவணை. வட்டிக்கு வரிச்சலுகை வேறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் கொடி பிடித்த தோழர், ஸ்ட்ரைக் நோட்டீஸுக்கு முன்னால் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். இஎம்ஐ என்னிக்கு?

காட்டுப்பாக்கம் பக்கம் ஞாயிறுதோறும் வேன் வந்தது. உள்ளே பொங்கல், வடை. வெளியே மஞ்சள் அடித்த எல்லைக்கற்கள். "மெயின் ரோட்டுக்கு அஞ்சே நிமிஷம் சார். பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, கண்ணை மூடிட்டு வாங்கலாம்!" காரிலா ஹெலிகாப்டரிலா என்று யாரும் கேட்கவில்லை, வாயில் வடை.

2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதென்றது சென்னை ஐகோர்ட். கண்ணை மூடி வாங்கியவர்கள் அன்றுதான் திறந்தார்கள். அடுத்த வருஷமே அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. பணம் கட்டினால் சகல தோஷ நிவர்த்தி!

லெவிட் கணக்கு இங்கேயும் பலித்தது. மனை வாங்கிய சாருக்குப் புரட்சிக்கு ஏது நேரம்? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் பட்டா மனு, மழை வந்தால் மழைநீர் வடிகால் மனு. இப்போது மெட்ரோ தூண் வேறு எழும்பிவிட்டது. வீட்டை விற்கும் உத்தேசமே இல்லை, ஆனாலும் தினமும் காலை பால் பாக்கெட் வாங்கும்போது விசாரிக்கிறார்: "சதுர அடி இன்னிக்கு என்ன போகுது?"