மக்காச்சோளத்துக்கு வழிவிட்ட நூலகம்

அர்பானா, இல்லினாய்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

"புத்தகம் அடுக்கவா பிளேன் ஏறிப் போனே?" என்று போனில் கேட்டீர்கள். அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். பதிலை எழுத்தில் தருகிறேன். இந்த நாட்டில் நூலகர் வேலைக்குப் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் கேட்கிறார்கள். அதுவும் அமெரிக்க நூலகச் சங்கம் அங்கீகரித்த படிப்பாக இருக்க வேண்டும். அதைத்தான் இங்கே படிக்கிறேன். புத்தகம் அடுக்குவது பகுதிநேர வேலைக்கு வரும் பையன்கள். அந்த பாக்கியம் எனக்கு இன்னும் கிட்டவில்லை.

ஊர் உங்களுக்குப் பிடிக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளம், இல்லாவிட்டால் சோயா. கல்லூரி வளாகத்துக்கு நடுவிலேயே ஒரு சோளக்கொல்லை. 1876-ல் தொடங்கிய ஆராய்ச்சி வயல். அதன் பக்கத்தில் நூலகம் கட்ட வேண்டி வந்தபோது, நிழல் விழுந்தால் பயிர் கெடும் என்று கட்டடத்தையே இரண்டு தளமாக மண்ணுக்குள் இறக்கி 1969-ல் திறந்தார்கள். வரப்பில் அரை அடி விட்டுத்தராத நீங்கள் இவர்களோடு சம்பந்தமே பேசலாம்.

அதே 1876-ல்தான் மெல்வில் டூயி என்பவர் உலகத்து அறிவையெல்லாம் பத்துப் பத்தாகப் பிரித்து எண் போட்டார். எங்கள் நூலகத்தில் இன்றும் பெரும்பாலும் அவர் எண்கள்தான். மதத்துக்கு 200 முதல் 299 வரை. அதில் பெரும்பங்கைக் கிறிஸ்துவத்துக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற மதங்களையெல்லாம் 290-க்குள் நெருக்கி உட்கார வைத்தார். நம் முப்பத்து முக்கோடி தேவர்களுக்கும் 294.5 என்று ஒரே ஒண்டுக்குடித்தனம். வகுப்பில் எழுந்து இதைச் சொன்னேன். எல்லாரும் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். இந்த ஊரில் தும்மினாலும் குறிப்பு எடுப்பார்கள்.

பெயரிலும் ஒரு கூத்து. இனிஷியல் என்றால் இவர்களுக்குப் புரியவில்லை. அதை விரித்து எழுதப்போக, அப்பா பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. அம்மா ஆயுசில் வாயால் சொல்லாத பெயரை, முன்னால் ஒரு 'மிஸ்' சேர்த்து, இங்கே பொடிப்பசங்கள் கூப்பிடுகிறார்கள். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முதல் வாரமே ஆசிரியை பலகையில் ஒரு பெயரை எழுதி, எப்படி உச்சரிப்பது என்று என்னைத்தான் கேட்டார். எஸ்.ஆர். ரங்கநாதன்! நம் சீர்காழியில் 1892-ல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவரை 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போட்டார்கள். பேச்சுத்துணைகூட இல்லாத வேலை என்று நொந்து, பழையபடி பாடம் நடத்தவே விடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்தவரை அப்புறம் நூலகத்திலிருந்து கிளப்ப முடியவில்லை. 1931-ல் அவர் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளை இங்கே பாடமாக வைத்திருக்கிறார்கள். நம் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊர்க்காரரைப் பற்றிப் படிக்க, நான் டாலரில் பீஸ் கட்டுகிறேன். இதை அப்பாவிடமும் சொல்ல வேண்டாம்.

வாசகர் வாயால் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது வேறு. பக்குவமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பாடம் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தபடியே ஊர் விஷயத்தைக் கறந்துவிடும் பெரியம்மா வந்தால் எங்களுக்கெல்லாம் பாடமே எடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. பக்கத்துப் பெருநகரமான சிகாகோவின் பொது நூலகத்தில் 2019-ல் தாமதக் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். வருஷக்கணக்காகப் பரணில் கிடந்த புத்தகங்களெல்லாம் வெட்கம் விட்டுத் திரும்பி வந்தனவாம். உங்கள் பீரோவில் பட்டு வேட்டிக்கு அடியில் கிளை நூலக முத்திரையோடு ஒரு துப்பறியும் நாவல் இருக்கிறதே, நான் எட்டாவது படிக்கும்போதே பார்த்திருக்கிறேன். நம் ஊரிலும் அப்படி ஒரு நல்ல காலம் பிறக்கட்டும் என்று காத்திருக்காமல், இந்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்து அபராதத்தைக் கட்டிவிடுங்கள். பணம் நான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்