அவோமீட்டர் முதலாய கருவிகளின் பாடபேதம்: ஒரு பதிப்பியல் ஆய்வு

ஓலைச்சுவடி என்றால் நாலு பிரதிகளை ஒப்பிட்டு, ஏடெழுதியவன் கைப்பிழையைக் கூடக் கண்டுபிடித்துவிடுகிறோம். வால்வுக் காலத்து மீட்டர் கையில் கிடைத்தாலோ, தூசியைத் தட்டி, "பழசுதான்" என்று முடித்துவிடுகிறோம். இவ்வலட்சியத்தைக் கண்டிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூலநூலாக இங்கு கொள்ளப்படுவது இங்கிலாந்தின் அவோமீட்டர் மாடல் 8 என்னும் மின்னளவி. 1951இல் வெளிவந்து, மார்க் 7 வரை பதிப்புக் கண்டு, 2008இல்தான் உற்பத்தி நின்றது. கன்னங்கரேலென்ற பெட்டி, தோல்வார், இரண்டு பெரிய திருகு ஸ்விட்சுகள். இவற்றை மட்டும் பார்த்துவிட்டு மூத்தவரான மாடல் 7ஐயும் 8 என்று சாதிப்போர் உளர். அவர் கூற்று பொருந்தாது, என்னை? 7இல் உள்ள சிறு பொத்தான் 'இரண்டால் வகு' என்னும். 8இல் உள்ளதோ முள்ளின் திசையை மாற்றும். பேதம் பொத்தானோடு போவதில்லை. 8க்கு டிசியில் உள்தடை வோல்ட்டுக்கு 20,000 ஓம். 7க்கு வெறும் 500. வால்வின் கிரிட் சர்க்யூட்டில் 7ஐ வைத்தால் இருக்கிற வோல்டேஜை மீட்டரே குடித்துவிடும். பிறகு, முள் குறைத்துக் காட்டியதை நம்பி, குற்றமற்ற வால்வு ஒன்று குப்பைக்குப் போகும். பாடபேதம் அறியாமையால் உயிர்ச்சேதம் என்பது இதுவே.

காலநிர்ணயத்துக்கு வரிசை எண்ணின் வால் உதவும். 1158 என முடிந்தால் 1958 நவம்பர். 762 என்றால் 1962 ஜூலை. மாதத்தோடு பிறந்ததேதி எழுதிவைத்த நூலாசிரியர் நம் மரபில் எத்தனை பேர்?

இனி வால்வை வைத்துக் காலம் கணிக்கும் சாரார். முல்லார்டு நிறுவன வால்வின் அடியில் 'பி8ஈ2' என்பதுபோல் பொறித்திருக்கும்: பிளாக்பர்ன் ஆலை, எட்டில் முடியும் ஆண்டு, மே மாதம், இரண்டாம் வாரம். வாரம் வரை சொன்ன புண்ணியவான் பத்தாண்டைச் சொல்லவில்லை. 1958 என்பர் ஒரு சாரார். 1968 என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் மறப்பது, வால்வு கழற்றி மாட்டுகிற பொருள் என்பதை. பாட்டிக்குப் புதுப் பல்செட் கட்டியவுடன் பாட்டியின் வயது குறைந்துவிடுமா?

இடைச்செருகலை, அதாவது பின்னர் மாற்றிய பாகத்தைக் கண்டறிய, பழைய டெக்ட்ரானிக்ஸ் ஆசிலோஸ்கோப்பைப் போல வாய்ப்பான சுவடி வேறில்லை. அதில் உதிரிப்பாகங்கள் பீங்கான் பட்டைகளில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். சாதாரண ஈயம் வைத்தால் பீங்கானோடு ஒட்டியிருக்கும் வெள்ளிப் பூச்சு பெயர்ந்துவிடும் என்பதால், வெள்ளி கலந்த சால்டரை ஒரு சிறு உருளையில் சுற்றி, பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். உருளை நிறைந்திருக்க, கண்டென்சர் மட்டும் புத்தம் புதிதாக இருப்பின், அங்கே வேறொருவர் கை வைத்திருக்கிறார். அதுவும் அவசரக் கை. கையேடும் 'இந்த வரிசை எண் முதல் இந்தப் பாகம்' என்று பேதம் குறித்துத்தான் அச்சாகியிருக்கிறது. உரையாசிரியர்களில் இவ்வளவு நேர்மையாளர் அரிது.

மாடல் எண்ணை நம்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. 1939இல் பாலோ ஆல்ட்டோவில் ஒரு கார் ஷெட்டில் ஹியூலெட்டும் பேக்கர்டும் செய்த ஆடியோ ஆசிலேட்டரின் பெயர் 200ஏ. முந்தைய 199 எங்கே என்று தேடுவது வீண். முதல் சரக்கு என்று தெரியக்கூடாது என்பதற்காகவே 200இல் தொடங்கினார்கள். அதைத் திருத்திய பதிப்பு 200பி. 'ஃபேண்டேசியா' படத்துக்காக டிஸ்னி வாங்கியவை இந்த 200பி எட்டு. ஆகவே, "டிஸ்னி கையில் இருந்த பெட்டி சார்" என்று யாரேனும் விலை சொன்னால், முகப்புப் பலகையில் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'ஏ' என்றிருந்தால் பேரம் பேசவே வேண்டாம். 'பி' என்றிருந்தால், எட்டில் இது எத்தனையாவது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பாதி விலை சொல்லுக.