கவர்னரைக் கைது செய்த கனவான்கள்

கோபம் வந்தால் பத்து வரை எண்ண வேண்டும், கோபத்தில் எழுதிய கடிதத்தை ஆறப்போட வேண்டும், பிடிக்காத ஆளைச் சாப்பிடக் கூப்பிட்டு மனம்விட்டுப் பேச வேண்டும் என்று இப்போது ஆபீஸ்களில் ஏசி அறையில் உட்காரவைத்து வகுப்பெடுக்கிறார்கள். சென்னையின் முதல் ஆபீஸில் இது அத்தனையும் நடந்தது. எண்ணினார்கள். ஆறப்போட்டார்கள். கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துவிட்டு, சோறு போட்ட மேலதிகாரியைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

அந்த ஆபீஸின் பெயர் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனி துணி வியாபாரம் பார்த்த இடம். அங்கே புதிதாகச் சேரும் குமாஸ்தாவுக்குச் சம்பளம் வருஷத்துக்கு 5 பவுண்டு. மீதியை அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டிருந்தார்கள். அந்தச் சாமர்த்தியத்தை இந்தக் காலத்தில் லஞ்ச ஒழிப்புத் துறை விசாரிக்கும். கோட்டையில் துரைமார்களுக்கு வந்த கோபத்தில் பெரும்பங்கு, ஒருவர் சாமர்த்தியத்தில் இன்னொருவர் கை வைத்ததால் வந்ததுதான்.

பிள்ளையார் சுழி போட்டவர் சர் எட்வர்ட் விண்டர். கோட்டைத் தலைவராக இருந்த இவர் சொந்த வியாபாரத்தைக் கொஞ்சம் அதிகமாகவே கவனிக்கிறார் என்று லண்டனுக்குச் சந்தேகம் வந்தது. 1665-இல் ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்பவரைத் தலைவராக அனுப்பினார்கள். விண்டரை ஊருக்குத் திரும்பச் சொல்லியிருந்தால் தொல்லை விட்டிருக்கும். அதே ஆபீஸில் அவரை இரண்டாம் இடத்தில் உட்கார வைத்தார்கள். சில மாதம் பொறுத்துப் பார்த்தார் விண்டர். பிறகு புது மேலதிகாரி இங்கிலாந்து ராஜாவைப் பற்றித் தரக்குறைவாகப் பேசிவிட்டார், ராஜத் துரோகம் என்று சொல்லி, ஆள் பலத்தோடு போய் ஃபாக்ஸ்கிராஃப்டைச் சிறைவைத்தார். கைகலப்பில் ஓர் உயிரும் போயிற்று. அப்புறம் மூன்று வருஷம் விண்டர்தான் தலைவர்! 1668-இல் கப்பல்கள் வந்து நின்ற பிறகுதான் கோட்டையைத் திருப்பிக் கொடுத்தார், அதுவும் தன் தலைக்கும் சொத்துக்கும் ஆபத்து வராது என்று உறுதி வாங்கிக்கொண்டு. அதற்குப் பிறகும் சில வருஷம் சென்னையிலேயே ஹாயாக இருந்தார்.

1744-இல் குமாஸ்தாவாக வந்த ராபர்ட் கிளைவைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். செக்ரட்டரியை ஏதோ கேவலமாகப் பேசிவிட்டான் பையன். மன்னிப்புக் கேள் என்றார் கவர்னர். கேட்டான். செக்ரட்டரி நல்ல மனிதர். சரி தம்பி, வா, சாப்பிடலாம் என்றாராம். மன்னிப்புக் கேட்கச் சொல்லித்தான் உத்தரவு, உம்மோடு சாப்பிடச் சொல்லி உத்தரவு இல்லை என்றானாம் கிளைவ். கெட்ட பிள்ளைதான். ஆனால் பிடிக்காத ஆளோடு பந்தியில் உட்கார மாட்டேன் என்ற நேர்மையாவது இருந்தது. பின்னால் வந்தவர்களிடம் அதுவும் இல்லை.

இப்போது லார்டு பிகட் கதைக்கு வருவோம். இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது கவர்னராக இருந்து காப்பாற்றியவர். சீமைக்குப் போய்ப் பிரபுப் பட்டம் வாங்கியவர். அவர் பெயரில் புகழ்பெற்ற வைரமே ஒன்று உண்டு. முதல் தடவை வந்துபோனதில் நஷ்டம் ஏதும் ஏற்படவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. 1775 டிசம்பரில் இரண்டாவது தடவையாகக் கவர்னராக வந்தார். கம்பெனி ஒரு வேலை சொல்லி அனுப்பியிருந்தது: ஆற்காட்டு நவாப் முகமது அலிக்காக 1773-இல் பிடித்துக் கொடுத்த தஞ்சாவூரை மராட்டிய ராஜா துளஜாவிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். பிகட் நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அங்கேதான் வினை. நவாப் சேப்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கோட்டையில் கடன் வாங்காத துரை பாக்கி இல்லை என்கிற அளவுக்கு வாங்கியிருந்தார். அந்தக் கடனுக்கெல்லாம் தஞ்சாவூர் வருமானம்தான் ஈடு. பால் பென்ஃபீல்ட் என்று ஒருவர்; வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு சம்பளம் வாங்கும் கம்பெனி ஊழியர். அவர் நிதானமாக ஒரு கணக்கை நீட்டினார்: நவாபுக்குக் கொடுத்தது 1,62,000 பவுண்டு, தஞ்சாவூரில் தனியாருக்குக் கொடுத்தது 72,000 பவுண்டு, இதற்காக வயலில் நிற்கிற விளைச்சல் வரைக்கும் தனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று. இந்தச் சம்பளத்தில் இவ்வளவு எப்படி ஐயா மிச்சம் பிடித்தாய் என்றுதான் கவர்னரோடு சேர்ந்து கோட்டையை நிர்வகித்த கவுன்சில் கேட்டிருக்க வேண்டும். கவுன்சிலில் பலருக்கும் நவாபிடம் பாக்கி நின்றதால் அந்தக் கேள்வி எழவில்லை. உழுது நட்ட குடியானவனுக்குக் கோபம் வந்ததா என்று யாரும் குறித்து வைக்கவுமில்லை.

1776 ஆகஸ்டில் கவுன்சில் இரண்டாகப் பிளந்தது. தஞ்சாவூருக்கு யாரை அனுப்புவது என்று சண்டை. பிகட் தன் ஆளை அனுப்பப் பார்த்தார். எதிர்க்கட்சி கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை அனுப்பப் பார்த்தது. பெரும்பான்மை எதிர்க்கட்சிக்கு. பிகட்டுக்குத் தன் ஓட்டு ஒன்று, சமமாக வந்தால் இன்னொன்று. ஸ்டூவர்ட்டை அனுப்பும் உத்தரவில் அவர் கையெழுத்துப் போட மறுத்ததும், ஜார்ஜ் ஸ்ட்ராட்டனும் ஹென்றி புரூக்கும் செக்ரட்டரியையே கையெழுத்துப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் வெளியே வரட்டும் என்று காத்திருந்தவர்போல், பிகட் தயாராக வைத்திருந்த குற்றச்சாட்டை எடுத்து மேஜையில் போட்டார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஓட்டு கிடையாது என்பது விதி. இரண்டு ஓட்டு குறைந்ததும் பிகட்டின் கூடுதல் ஓட்டு உயிர் பெற்றது. இரண்டு பேரும் சஸ்பெண்ட். அடுத்த நாள் மற்ற எதிரிகளுக்கும் அதே கதி. படைத் தலைவர் பிளெட்சரைக் கைது செய்யவும் உத்தரவு. நம்மூர்ப் பஞ்சாயத்து யூனியன்களில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதாகத் தெரியாது.

எதிர்க்கட்சிக்காரர்கள் தாங்கள்தான் உண்மையான கவுன்சில் என்று அறிவித்துக்கொண்டார்கள். கவர்னரைப் பிடிக்கிற வேலை கர்னல் ஸ்டூவர்ட்டிடம் வந்தது. கோட்டைக்குள் படைக்கும் தலைவர் கவர்னர்தான். அங்கே அவர்மேல் கை வைத்தால் கலகக் குற்றம், கழுத்துக்கே ஆபத்து. வெளியே என்றால் வாதாடிப் பார்க்கலாம். ஸ்டூவர்ட் சட்டம் தெரிந்தவர். ஆகஸ்ட் 24 அன்று பிகட்டோடு காலைப் பலகாரம் சாப்பிட்டார். பிற்பாடு விருந்தும் சாப்பிட்டார். சாயங்காலம் பிகட் தன் தோட்ட மாளிகைக்குக் கிளம்ப, அவர் வண்டியிலேயே பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இன்றைக்குப் பொருட்காட்சி போடுகிற தீவுத்திடலைத் தாண்டும்போது சிப்பாய்களோடு இரண்டு அதிகாரிகள் வழிமறித்தார்கள். கவர்னர் இறக்கப்பட்டுப் பறங்கிமலைக்குக் கொண்டுபோகப்பட்டார்.

விஷயம் லண்டனுக்குப் போக வேண்டும். கப்பலில் ஆறு மாதம், பதில் வர இன்னொரு ஆறு மாதம். கோபத்தில் எழுதியதை ஆறப்போடச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உலகத்தில் இதற்குமேல் யாரும் ஆறப்போட்டதில்லை. ஆறியது பிகட் ஒருவர்தான். 1777 மே 11 அன்று காவலில் இருந்தபடியே இறந்துபோனார். அவரை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்து, பிறகு மரியாதையாக ஊருக்குத் திரும்பி வரச் சொல்லும் உத்தரவு சென்னை வந்து சேர்ந்தபோது, உட்கார ஆள் இல்லை. விசாரணை ஜூரி இது கொலை என்றது. வழக்கு அதோடு நின்றுபோனது. 1780-இல் லண்டன் நீதிமன்றம் ஸ்ட்ராட்டன் முதலான நான்கு பேருக்கும் தண்டனை விதித்தது: தலைக்கு 1,000 பவுண்டு அபராதம். பென்ஃபீல்டின் கணக்கை வைத்துப் பார்த்தால் இது வெற்றிலை பாக்குச் செலவு.

ஸ்டூவர்ட் ராணுவ விசாரணையில் விடுதலையாகி, 1781-இல் சென்னைக்கே திரும்பினார்! அதே வருஷம் ஹைதர் அலியோடு நடந்த பொள்ளிலூர்ச் சண்டையில் பீரங்கிக் குண்டு ஒரு காலைக் கொண்டுபோயிற்று. புது கவர்னர் லார்டு மெக்கார்ட்னி. 1783-இல் கடலூரைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடிக்கப் போன ஸ்டூவர்ட் ஆடி அசைந்து போனதில் மெக்கார்ட்னிக்குக் கோபம்; கவர்னர் சொல்லித் தளபதி கேட்பதா என்று ஸ்டூவர்ட்டுக்குக் கோபம். மெக்கார்ட்னி பழைய கதை தெரிந்தவர். இந்த ஆளோடு வண்டியில் போவதில்லை என்று முடிவு செய்தாரோ என்னவோ, முந்திக்கொண்டார். வேலைநீக்க உத்தரவு போட்டு, தன் செக்ரட்டரி ஜார்ஜ் ஸ்டான்டனைச் சிப்பாய்களோடு அனுப்பி ஸ்டூவர்ட்டைக் கைது செய்து கப்பலேற்றினார்.

மெக்கார்ட்னிக்கும் ராசி அப்படித்தான். 1784-இல் கவுன்சில் உறுப்பினர் சாட்லியரோடு வாய்த்தகராறு முற்றித் துப்பாக்கிச் சண்டையாகி, விலாவில் குண்டு வாங்கினார். கல்கத்தா மட்டும் என்ன வாழ்ந்தது? 1780-இல் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தன் கவுன்சில் உறுப்பினர் பிலிப் பிரான்சிஸை இப்படித்தான் சுட்டுச் சாய்த்தார். பிரான்சிஸ் பிழைத்துக்கொண்டார்.

ஸ்டூவர்ட் மறக்கவில்லை. கைதாகி மூன்று வருஷம் கழித்து, 1786 ஜூன் 8 விடியற்காலையில், லண்டனில் இருவரும் துப்பாக்கியோடு சந்தித்தார்கள். பன்னிரண்டு தப்படி தூரம். ஸ்டூவர்ட்டுக்கு ஒற்றைக் கால். மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றார். மெக்கார்ட்னிக்குக் கிட்டப்பார்வை. என்னைத் தெரிகிறதா என்று சுடப்போகிறவர் அக்கறையாக விசாரித்தார். நன்றாகவே தெரிகிறது என்றார் மெக்கார்ட்னி. உங்கள் துப்பாக்கியின் குதிரை இழுக்கப்படவில்லையே என்றார் ஸ்டூவர்ட். மெக்கார்ட்னி நன்றி சொல்லி இழுத்துக்கொண்டார். பிறகு ஸ்டூவர்ட் அவரைத் தோளில் சுட்டார். இப்போது திருப்திதானே என்று கேட்டதற்கு இல்லை என்று சொல்லி, இன்னொரு முறை சுடத் தயாராக நின்றார். கூட வந்தவர்கள்தான் போதும் என்று பிரித்துவிட்டார்கள்.

மெக்கார்ட்னி 1793-இல் இங்கிலாந்தின் முதல் தூதராகச் சீனச் சக்கரவர்த்தியிடம் போய், முறைப்படி தரையில் தலை முட்டி வணங்க மாட்டேன் என்று தகராறு செய்துவிட்டு, கேட்டது எதுவும் கிடைக்காமல் திரும்பினார். அதே வருஷம் ஸ்டூவர்ட் லண்டனில் காலமானார். ஒரு கவர்னரைப் பிடித்துக் கொடுத்து இன்னொரு கவர்னரைச் சுட்ட பெருமை அவருடையது. நிதானமாகக் கணக்கை நீட்டிய பென்ஃபீல்ட் பார்லிமென்ட் மெம்பராகி, கடைசியில் 1810-இல் பாரிஸில் வறுமையில் செத்தார்.

கோட்டை அதே இடத்தில்தான் இருக்கிறது. தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இப்போது அதற்குள்தான் நடக்கின்றன. அங்கே இன்றைக்குக் கோபம் வந்தால் வெளிநடப்பு செய்கிறார்கள். 1776-ஐ நினைத்தால் எவ்வளவோ தேவலை.