செருப்பில் ஒட்டிய சமுத்திரம்

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மாநில எல்லையோரம் லாரிகள் கிளப்பும் புழுதியையே அலையென அனுபவித்துவரும் அத்திபெலேவாசிகளாகிய எமக்குச் சமுத்திர தரிசனம் என்றால் சென்னை மெரீனாதான். 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் துரை அங்கே உலாவும் பாதை அமைத்து, சிசிலித் தீவின் ஞாபகமாக நாமகரணமும் செய்து கீர்த்தி பெற்றார். வடக்கே நகரும் மணலைத் தன் சுவரால் மறித்து, அந்த விசாலமான கரையை மெய்யாகவே சிருஷ்டித்ததோ, 1870-களில் கட்டத் தொடங்கிய துறைமுகம். 1909-இல் மீன்காட்சிசாலையும் எழுந்தது. வங்கக்கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடித் தொட்டிக்குள் மீன் தேடிய ரசிகர்கள் நம் முன்னோர்! நாங்களும் குறைந்தவர்களல்லர். முந்நூறு கிலோமீட்டர் பிரயாணம் செய்து, கணுக்கால் மட்டும் நனைத்து, சுண்டல் தின்று திரும்பி, அத்திபெலே சுங்கச்சாவடியருகே செருப்பை உதறுகிறோம். அந்த மணலுக்கு இன்னும் எவரும் வரி கேட்கவில்லை.