முட்டைக்குள் நடக்கும் பட்டினிப் போர்

கே: கோழி தினம் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்ட பிறகுதானே அடையில் உட்காருகிறது? அதுவரை முதல் முட்டை எப்படிக் கெடாமல் இருக்கிறது?

ப: முட்டையின் ரகசியமே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. முதல் முட்டை இரண்டு வாரம் வைக்கோலில் கிடக்க வேண்டும். அப்புறம் தாயின் சூட்டில் 21 நாள். கிருமிக்கு இதைவிட வசதி ஏது? ஆகவே வெள்ளைக்கரு குஞ்சுக்கு உணவு மட்டுமல்ல, காவலும்கூட. அதிலுள்ள லைசோசைம் என்ற புரதம் சில பாக்டீரியாக்களின் சுவரையே அறுத்துவிடும். பென்சிலினைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, 1922-ல், அலெக்சாண்டர் ஃபிளெமிங் உலகுக்குச் சொன்ன பொருள் இது. மூக்குச் சளியில் முதலில் பார்த்தார். பிறகு கண்ணீரிலும் வெள்ளைக்கருவிலும் பார்த்தார்.

கே: அப்படியென்றால் வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா பாக்டீரியாவையும் கொன்றுவிடுமே!

ப: அது அவ்வளவு எளிதில் சாகாது. அதன் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் லைசோசைம் உள்ளே எட்டுவதில்லை. கொல்ல முடியாத பகையை வெள்ளைக்கரு பட்டினி போடுகிறது. வெள்ளைக்கருப் புரதத்தில் சுமார் எட்டில் ஒரு பங்கு ஓவோடிரான்ஸ்ஃபெரின். சந்தைக்கு வந்த அரிசியை எல்லாம் ஒரே ஆள் வாங்கிப் பூட்டிவிட்டால் ஊர் என்ன ஆகும்? வெள்ளைக்கருவில் இருக்கும் இரும்புச்சத்தை இந்தப் புரதம் அப்படித்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரும்பு கிடைக்காத பாக்டீரியா பெருக முடியாது. அவிடின் என்ற இன்னொரு புரதம் பயோட்டின் வைட்டமினையும் விடாமல் பற்றிக்கொள்ளும்.

கே: நாளாக ஆக இந்தச் சக்தி குறையுமா?

ப: முதலில் கூடும்! புது முட்டையின் வெள்ளைக்கரு கிட்டத்தட்ட நடுநிலை; அதன் பி.எச். 7.6 முதல் 7.9 வரை. ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே கார்பன் டை ஆக்சைடு வெளியேற, சில நாளில் பி.எச். 9-ஐத் தாண்டிவிடும். இந்தக் காரத்தன்மை பல பாக்டீரியாக்களுக்கு ஒத்துவராது. இரும்பின் மேலுள்ள பிடியும் இறுகும்.

ஆனால் அதே நாட்களில் கெட்டி வெள்ளைக்கரு நீர்த்துப்போகிறது, மஞ்சள்கருவைச் சுற்றிய மெல்லிய சவ்வும் தளர்கிறது. அந்தச் சவ்வுதான் எல்லாம். அது நெகிழ்ந்தால் மஞ்சள்கருவின் இரும்பும் மற்ற சத்துகளும் கசியும்; கிருமியும் உள்ளே நுழைந்துவிடும். பட்டினி அங்கே முடிகிறது, விருந்து தொடங்குகிறது. இந்தத் தளர்ச்சியை விரைவுபடுத்துவது வெப்பம். சித்திரை வெயிலில் கடை வாசலில் அடுக்கிய அட்டைகளைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். ஃப்ரிட்ஜின் குளிர் அந்தச் சவ்வைப் பல வாரம் காப்பாற்றுகிறது, கிருமியின் பெருக்கத்தையும் அடக்குகிறது.

கே: வாங்கியதும் கழுவித் துடைத்து ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். சரிதானே?

ப: ஃப்ரிட்ஜ் சரி, கழுவுவது தவறு. ஓட்டின் மேல் கோழியே பூசி அனுப்பும் மெல்லிய படலம் நுண்துளைகளை அடைத்திருக்கிறது. கழுவினால் அது போய்விடும். முட்டையைவிடக் குளிர்ந்த தண்ணீர் என்றால் உள்ளிருப்பது சுருங்கி, வெளி அழுக்கை உறிஞ்சவும் கூடும். அமெரிக்காவில் வெந்நீரில் கழுவி, பிறகு குளிரிலேயே வைத்து விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல்தர முட்டையைப் பொதுவாகக் கழுவவே கூடாது. அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம், உள் தட்டில் வையுங்கள். ஒருமுறை குளிரில் வைத்ததை வெளியே எடுத்துப் போடாதீர்கள். ஓட்டில் வியர்க்கும் ஈரம் கிருமிக்கு வழிவிடும்.

கே: பச்சை முட்டையைவிட அவித்தது அதிக நாள் தாங்கும் அல்லவா?

ப: தாங்காது. கொதிநீரில் மேல்படலமும் போகிறது, காவல் புரதங்களும் செயலிழக்கின்றன. இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

கே: கிருமிநாசினி இவ்வளவு இருக்கிறதே, காய்ச்சலுக்குப் பச்சை முட்டை குடிக்கலாமா?

ப: வேண்டாம். நம் வயிறு அந்தக் காவல் புரதங்களையும் மற்றப் புரதம்போலச் செரித்துவிடும். சால்மொனெல்லா இருந்தால் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கும் சேரும்.

கே: தண்ணீரில் மிதந்தால் கூமுட்டைதானா?

ப: பழைய முட்டை, அவ்வளவு நிச்சயம். ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெருத்ததால் மிதக்கிறது. தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பாருங்கள். நாற்றம் இருந்தால் கொட்டிவிடுங்கள். ஆனால் சால்மொனெல்லாவுக்கு நாற்றம் கிடையாது. மூழ்கிய முட்டையானாலும் மஞ்சள்கரு கெட்டியாகும்வரை வேகவையுங்கள், முக்கியமாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்.