வரதய்யபாளையம் வட்டுநூல்: மூலமும் உரையும்

இந்நூல் என்னுதலிற்றோ எனின், ஹார்ட் டிஸ்கை அழித்தலும் நகலெடுத்தலும் சோதித்தலும் நுதலிற்று. ஆசிரியர் வரதய்யபாளையம் கடைவீதியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துபவர். தாம் ஒரு நூல் இயற்றியதை அவர் இன்னும் அறியார். மூலம் முழுவதும் வாய்மொழி. கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும், பெரும்பாலும் கல்யாண வீடியோக்காரர்களை நோக்கிச் சொன்னவை. உரை மட்டும் என்னுடையது.

நூற்பா 1: "டெலீட் பண்ணா போயிடாதுண்ணா."

'அண்ணா' என்றது விளி; வந்தவர் இளையவராயினும் அமையும். டெலீட் அழுத்தினால் டிஸ்க் தன் அட்டவணையில் ஒரு வரியைத் திருத்திக்கொள்கிறது, அவ்வளவே. இதற்குச் சான்று தேடி வெளியூர் போக வேண்டாம். 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர் மாவட்டத்து வரதய்யபாளையம் திருப்பதி மாவட்டத்து வரதய்யபாளையம் ஆயிற்று. பதிவேட்டில் இடம் மாறியது. ஆனால் பஸ் நிற்கும் இடம் நகரவில்லை, உப்பலமடுகு அருவி ஓரடி தள்ளி விழவில்லை. அழித்த கோப்பும் அப்படித்தான், இன்னொன்று வந்து அதன் தலைமேல் எழுதும்வரை கிடந்த இடத்திலேயே கிடக்கும். க்விக் ஃபார்மட்டுக்கும் இதுவே விதி.

மேலைநாட்டாரும் இதை மெய்ப்பித்துள்ளனர், நம்மவரைவிட அதிகச் செலவில். கார்ஃபிங்கல், ஷெலாட் என்னும் இருவர் 158 பழைய டிஸ்குகளை விலைக்கு வாங்கித் துழாவி, 2003-இல் முடிவை வெளியிட்டனர். ஓடியவை 129. ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12. மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் குறிப்புகள், யார் யாரோ யார் யாருக்கோ எழுதிய மின்னஞ்சல்கள்.

அற்றேல், எத்தனை முறை மேலெழுதினால் போகும் எனின், இங்கே ஆசாரியர்கள் மாறுபடுவர். பீட்டர் குட்மன் 1996-இல் 35 முறை எழுதும் பட்டியல் ஒன்று தந்தார். அக்காலத்துப் பலவகை டிஸ்குகளுக்கும் சேர்த்து அவர் வகுத்தது அது. சீடர்களோ எந்த டிஸ்க் என்று பாராமல் 35-ஐயும் உருப்போட்டனர். பேயோட்டும் மந்திரமாக்கிவிட்டார்களே என்று குருவே பின்னர் நொந்துகொண்டார். அமெரிக்க நிஸ்ட் நிறுவனத்தின் வழிகாட்டிப்படி சுழலும் டிஸ்குக்குப் பொதுவாக ஒருமுறையே போதும். 1 டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் துடைக்க இரண்டு மணிக்குச் சற்றுக் குறையும். 35 முறைக்கு ஏறத்தாழ 65 மணி, நடுவில் கரண்ட் போகாது என்று கொண்டால். அவ்வாறு கொள்ளலாகாது என்பது இவ்வுரைகாரன் துணிபு. எஸ்எஸ்டி தான் எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் சாதியாதலால், அதற்குள்ளேயே வைத்திருக்கும் செக்யூர் எரேஸ் கட்டளைதான் அதற்கு வழி.

நூற்பா 2: "எது சோர்ஸ், எது டார்கெட்னு மூணு வாட்டி பாத்துக்கோங்க."

நூலின் உயிர்நிலை இதுவே. நகல் கருவிகளில் மூத்தவற்றுள் ஒன்று யூனிக்ஸின் டிடி. எதிலிருந்து என்பதற்கு ஐஎஃப், எதற்கு என்பதற்கு ஓஎஃப். நடுவே ஓரெழுத்து வேற்றுமை. மாற்றிப் போட்டால், காலி டிஸ்கின் வெறுமை முழுவதும் ஒரு பைட் பிசகாமல் முகூர்த்த வீடியோவின் மேல் நகலாகும். "நிச்சயமா?" என்று அது கேட்காது. டிஸ்க் டெஸ்ட்ராயர் என்ற பட்டப்பெயர் அதற்குச் சும்மா வரவில்லை. இரு நூற்பாக்களையும் இயைத்து நோக்கின் இத்துறையின் பெருவிதி புலப்படும்: அழிக்கப் போனால் அழியாது, காப்பி எடுக்கப் போனால் அழியும்.

கீழே விழுந்த எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு டிடி ஆகாது, டிடி ரெஸ்க்யூ வேண்டும். வீடியோக்காரர் ஒருவருக்கு ஆசிரியர் அருளிய விளக்கம் வருமாறு:

"தாலி கட்டுற சீன் மட்டும் வந்தா போதும் தம்பி."

"அதுக்குத் தாலி எல்லாம் தெரியாதுண்ணா. நல்ல இடத்த மொதல்ல எடுத்துடும். கெட்ட இடத்தக் குறிச்சு வெச்சுக்கிட்டு அப்புறமா திரும்ப வரும்."

நல்ல இடம் சீக்கிரம் முடிந்தது. கெட்ட இடத்துக்கு ராத்திரி முழுவதும் ஓடியது. ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வீடியோக்காரரும் உட்கார்ந்திருந்தார். கெட்டி மேளத்தில்தான் பேட் செக்டர் விழும் என்ற நம்பிக்கைக்கு இயற்பியலில் ஆதாரமில்லை. பந்தியில் விழுந்ததை யாரும் தேடுவதில்லை என்பதே காரணம்.

நகல் மூலத்தோடு ஒத்ததா என்பதை, இரண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடும் ஹாஷ் எண் காட்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் அந்த எண்ணைக் கேட்கிறது. கல்யாண வீடியோவுக்கு இது வேண்டுவதில்லை. பெண்ணின் அம்மா பார்த்துச் சரி என்றால் சரி.

நூற்பா 3: "ப்ளூ காட்டுதேன்னு நம்பாதீங்கண்ணா."

டிஸ்கின் நலம் பார்க்கும் மென்பொருளாகிய கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நலமென்றால் நீலமும், எச்சரிக்கைக்கு மஞ்சளும், கெட்டதற்குச் சிவப்பும் காட்டும். கூகுள் 1 லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து 2007-இல் சொன்னது: செத்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இத்தகைய குறி எதையும் காட்டாமலே செத்தன. எழுதிப் பார்க்கும் சோதனை இதனினும் திறமானது. ஆனால் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்த பிறகுதான் டிஸ்க் நன்றாயிருக்கிறது என்று சான்று தரும்.

மஞ்சள் காட்டும் டிஸ்க் ஒன்று இக்கடையின் சிசிடிவியிலேயே வெகுகாலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அது எப்படி என்று கேட்டதற்கு ஆசிரியர் கூறியது: "வெளிய எடுத்தா யாரும் வாங்கமாட்டாங்கன்னு அதுக்கே தெரியும்ணா."